விழுங்கிய பிறகு: ஊலாங், பு-அர் தேநீரைச் சுவைத்துப் பார்த்தல்

கடைக்காரர் நீட்டும் முதல் கோப்பையில் இருப்பது பெரும்பாலும் மணம்தான். நல்ல ஊலாங் மூக்கை உடனே பிடித்துக்கொள்ளும். சுமாரான ஊலாங்கும் அப்படியே பிடித்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். மணத்தைக் கூட்டிக் காட்ட வழிகள் பல உண்டு. இலையை அரைகுறையாகப் பதப்படுத்திப் பச்சை மணத்தைத் தூக்கிக் காட்டலாம். மட்டமான இலையைக் கடுமையாக வாட்டிக் குறையை மறைக்கலாம். வாசனைச் சாற்றையே தெளித்தும் விடலாம். தேநீர் தொண்டைக்குள் இறங்கிய பின் நடப்பதை மட்டும் அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. அதனால் இந்த அத்தியாயம் சொல்லித் தரப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான்: விழுங்கிய பிறகு கொஞ்சம் காத்திருங்கள். அதே இலையில் ஐந்தாம், ஆறாம் முறை நீர் ஊற்றிக் குடிக்கும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஊலாங், பு-அர் இரண்டும் நீலகிரியிலும் அசாமிலும் விளையும் அதே கமேலியா சினென்சிஸ் செடியின் இலைகள்தாம். ஊலாங்குக்குப் பறித்த இலையை வாட வைத்து, குலுக்கி, ஓரங்கள் கன்றிப்போகும்படி செய்வார்கள். கன்றிய இடத்தில் காற்றுப் பட்டு இலை சிவக்கத் தொடங்கும். முழுக்கச் சிவக்க விட்டால் அது நாம் அன்றாடம் குடிக்கும் கறுப்புத் தேயிலை. பாதி வழியில் சூடு காட்டி நிறுத்தினால் ஊலாங். எங்கே நிறுத்துவது என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பெயருக்குள் பச்சைப்பசேல் என்ற இலையும் கரிய இலையும் வந்து சேர்வது அதனால்தான். பு-அர் யூனான் மாகாணத்தின் பெரிய இலை ரகத்தில் செய்வது. வெயிலில் காயவைத்து, ஆவியில் இளக்கி, வட்டாக அழுத்தி, ஆண்டுக்கணக்கில் வைத்தும் குடிப்பார்கள். அதற்குத் தனியாக இடம் வேண்டும், பிறகு வருவோம்.

சாமான்களும் தண்ணீரும்

தேவை குறைவுதான். கைவான் என்னும் மூடியிட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று, 100 முதல் 120 மில்லி கொள்வதாக. வடித்த தேநீரைப் பிடிக்க ஒரு சிறு கண்ணாடிக் குவளை. 40 மில்லி அளவில் இரண்டு மூன்று வெள்ளைக் கோப்பைகள். கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் சின்ன எடைக்கருவி. இந்தக் கடைசிச் சாமானைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். உருண்டையாகச் சுருட்டிய இலை கைப்பிடிக்குள் அடங்கி 7 கிராம் நிற்கும். நீளமாக முறுக்கிய இலை அதே கைப்பிடிக்கு 3 கிராம்கூட வராது. கண்ணளவை நம்பினால் இரண்டு தேயிலைகளை ஒப்பிடவே முடியாது.

விளம்பரங்களில் காட்டும் மூங்கில் மேடை, இடுக்கி, தேநீர் ஊற்றிக் குளிப்பாட்டும் களிமண் தவளை இவற்றில் எதுவும் சுவையை மாற்றாது. தவளைமேல் ஆசை வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஜியாங்சு மாகாணத்து யீசிங் களிமண் கூஜாக்கள் அழகானவை. ஆனால் அந்த மண் மணத்தின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், பழகப் பழக முந்தைய தேநீரின் வாசனையும் அதில் ஏறும். ஒரு தேயிலையைப் பிடித்துப்போன பிறகு அதற்கென ஒரு கூஜா வைத்துக்கொள்ளலாம். இலையை எடைபோடும் கட்டத்தில் பீங்கானே நல்லது. அது எதையும் ஒளிக்காது.

தண்ணீர் விஷயத்தில் எட்டாம் நூற்றாண்டிலேயே கறாராக இருந்தவர் லூ யூ. தேநீரைப் பற்றிய தம் ‘சா ஜிங்’ நூலில் மலை நீருக்கு முதலிடம், ஆற்று நீருக்கு அடுத்தது, கிணற்று நீருக்குக் கடைசி என்று வரிசை போட்டார். உப்பேறிய போர் தண்ணீரில் ஒரு ஊலாங்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அந்தக் கடைசி இடத்தை ஒப்புக்கொள்வார்கள்: சாயம் கலங்கி, மேலே மெல்லிய ஆடை படர்ந்து, மணம் எங்கே போனதென்றே தெரியாது. ஆர்.ஓ. தண்ணீர் அதற்கு நேர்மாறு. உப்பையெல்லாம் ஒட்ட எடுத்துவிட்டால் தேநீர் சப்பென்று, ஒல்லியாக இருக்கும். உப்புக் குறைவான கேன் தண்ணீரில் இரண்டு மூன்று வகையை வாங்கி, ஒரே தேயிலையைப் போட்டுப் பார்த்து, பிடித்த ஒன்றை நிரந்தரமாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் இலையைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. ஊலாங்குக்கும் பு-அருக்கும் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பச்சைத் தேயிலைக்குச் சொல்லும் ‘ஆறவைத்த நீர்’ யோசனையை இங்கே மறந்துவிடுங்கள்.

ஒரு ரோ குய், முதல் வடியிலிருந்து

ஃபூஜியன் மாகாணத்தின் வடக்கே உள்ள வூயி மலையில் விளைவது ரோ குய். லவங்கப்பட்டை வாடை வீசும் ரகம். 110 மில்லி கைவானுக்கு 7 அல்லது 8 கிராம் எடுங்கள். நிறையத்தான் தோன்றும், நீரில் வைக்கும் நேரம் நொடிக்கணக்கு என்பதால் சரியாகிவிடும்.

முதலில் கைவானில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். சூடான வெறுங்கிண்ணத்தில் இலையைப் போட்டு மூடி, இரண்டு மூன்று முறை குலுக்குங்கள். மூடியைச் சற்றே விலக்கி முகருங்கள். வாட்டிய கரியின் வாசனை முன்னால் நிற்கும். அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்: பட்டை, காய்ந்த பழம், கருப்பட்டி. கரி மட்டுமே இருந்து வேறொன்றும் இல்லை என்றால் அந்த வாட்டல் எதையோ மூடுகிறது. போன மாதம்தான் வாட்டிய இலையாகவும் இருக்கலாம். அப்படியானால் சில மாதம் கழித்துத் திறந்தால் நெருப்பு வாடை அடங்கி இலையின் குணம் வெளியே வரும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பறிக்கும் வூயி இலை குளிர்காலத்தில் குடிக்கப் பக்குவமாவது இதனால்தான்.

கொதிநீரை ஊற்றி, மேலே வரும் நுரையை மூடியால் வழித்து, உடனே வடியுங்கள். இந்த முதல் நீரைக் கொட்டிவிடுவது வழக்கம். நல்ல ரோ குய்யில் அதையும் குடித்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி. அடுத்த நீரை ஊற்றிப் பத்து நொடியில் வடியுங்கள். ஒவ்வொரு முறை ஊற்றி வடிப்பதையும் இனி ‘வடி’ என்றே குறிப்பிடுகிறேன்.

வடித்ததும் கோப்பைக்குத் தாவாதீர்கள். மூடியின் உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். சூட்டோடு எழும் மணம் அங்கேதான் ஒட்டியிருக்கும். அது சில நொடிகளில் உருமாறும். பிறகு ஒரு வாய் எடுத்து, ரசம் உறிஞ்சுவதுபோல் சத்தத்தோடே இழுங்கள். காற்றும் சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் தொண்டைவழி மூக்கின் பின்புறத்துக்கு ஏறும். வாய் முழுக்கப் புரட்டி விழுங்கிவிட்டு, வாயை மூடி, மூக்கால் மெல்ல மூச்சை விடுங்கள். வெளியேறும் அந்த மூச்சில் பட்டை வாசனை இருந்தால், மணம் நீரில் கரைந்திருக்கிறது. மூடியில் மட்டும் இருந்து மூச்சில் இல்லையென்றால், அது மேலே மிதந்த மணம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது.

காலிக் கோப்பையை ஆறவிட்டு மறுபடி முகருங்கள். கீழே படிந்த துளிகளில் தேன் போலவோ வேகவைத்த சர்க்கரை போலவோ ஒரு வாசம் தங்கியிருக்கும். தரமான இலையில் அது பல நிமிடங்கள் நிற்கும்.

இரண்டு, மூன்று, நான்காம் வடிகளுக்கு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பதினைந்து நொடி, இருபது நொடி என்று. கடிகாரத்தைவிட நாக்கை நம்பலாம். ஐந்தாம் வடிக்கு மேல்தான் விஷயம் தெளியும். வாட்டிய வாடை கழன்று போயிருக்கும், பட்டை மணமும் இறங்கியிருக்கும். அப்போது நீரில் கனம் மிச்சமிருக்கிறதா? ஈரக்கல்லின் நெடி போல, உப்பும் இல்லாத இனிப்பும் இல்லாத ஒன்று நாக்கில் நிற்கிறதா? வூயிக்காரர்கள் ‘யான் யுன்’ என்று கொண்டாடும் பாறைக் குணம் இதுதான். சாதாரண ரோ குய் இந்த இடத்தில் வெந்நீராகிவிடும்.

கடைசியில் இலையைத் தட்டில் கொட்டி விரியுங்கள். நடுவில் பச்சையும் ஓரத்தில் செம்மையும் தெரிந்தால் குலுக்கியது பதமாக நடந்திருக்கிறது. சில இலைகளின் மேல் தேரை முதுகு மாதிரி சொரசொரப்பான புள்ளிகள் எழும்பியிருக்கும். கரி நெருப்பில் பொறுமையாக வாட்டியதன் அடையாளம். விரியவே மாட்டேன் என்று கருகிச் சுருண்டு கிடக்கும் இலை, நெருப்பில் அளவுக்கு மீறி வெந்தது. ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்று நாம் பள்ளியில் படித்த கணக்கை இங்கே தேடாதீர்கள். ஊலாங்குக்கு மொட்டு விரிந்து இலையான பிறகே, மூன்று நான்கு முற்றிய இலைகளோடு பறிப்பார்கள். மொட்டு நிறைய இருந்தால் அது ஊலாங்குக்குப் பெருமை இல்லை.

கசப்பு வேறு, துவர்ப்பு வேறு

பாலும் சர்க்கரையும் சேர்த்தே குடித்து வளர்ந்த நாக்கு இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி ‘கடுப்பு’ என்று ஒதுக்கிவிடும். பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். கசப்பு சுவை. அறுசுவையில் துவர்ப்பையும் நாம் சேர்த்துக்கொண்டாலும், வாய்க்குள் நடப்பது தொடுகைதான். தேயிலையின் பாலிஃபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, வாயின் வழவழப்பு போய் உலர்ந்து இழுக்கிறது. எந்த நல்ல தேநீரிலும் இவை இரண்டும் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று கவனியுங்கள்.

கரைந்த பிறகு தொண்டையிலிருந்து மேலேறும் இனிப்புக்கு ‘ஹுய் கான்’ என்று பெயர். இதைத் தமிழருக்கு விளக்குவது சுலபம்: பெருநெல்லியைக் கடித்துத் தின்றுவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் தித்திக்குமே, அதே. பு-அர் விளையும் யூனானிலும் இதே பெருநெல்லி விளைகிறது, அங்கும் தின்கிறார்கள் என்பது கூடுதல் செய்தி. சர்க்கரையின் இனிப்பு முதலில் வந்து போய்விடும். இது பின்னால் வந்து தங்கும். அதனால்தான் விழுங்கியதும் அடுத்த வாய்க்குப் பறக்காமல் அரை நிமிடமாவது சும்மா இருக்கச் சொல்கிறேன்.

அந்த அரை நிமிடத்தில் வேறு சிலவும் தெரியவரும். கன்னங்களுக்குள்ளும் நாக்கின் அடியிலும் எச்சில் ஊறினால் நல்லது. நாக்கு தடித்து, தொண்டை வறண்டு, தண்ணீர் கேட்டால், இலையிலோ பக்குவத்திலோ கோளாறு. நிமிடங்கள் ஆன பின்னும் துவர்ப்பு பல்லில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் தேயிலையை விலைபேச வேண்டாம். தொண்டையின் எந்த ஆழம்வரை குளிர்ச்சி இறங்குகிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. தொடக்கத்தில் இது கற்பனை போலத் தோன்றும், சுமாரானதையும் உயர்ந்ததையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் பிடிபடும்.

‘சா சீ’ என்று ஒன்றைப் பேசுவார்கள். உடம்பில் சூடு பரவுவது, முதுகு வியர்ப்பது, தலை லேசாவது எல்லாம் அதில் அடக்கம். உயர்ந்த இலையில் இதை உணர்வதாகப் பழுத்த ரசிகர்கள் அடித்துச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் 7 கிராம் இளம் பு-அரைக் குடித்தாலும் வியர்க்கும், கை நடுங்கும், தலை கிறுகிறுக்கும். அது கஃபீன் வேலை. எனவே சுவை பார்க்க உட்காரும் முன் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், பக்கத்தில் இனிப்பாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சா சீயை மதிப்பெண்ணில் சேர்க்காமல் இருப்பது உங்கள் பணப்பைக்கு நல்லது.

மூன்று ஊலாங் மலைகள்

வூயியைப் பார்த்தாயிற்று. இன்னொன்று மட்டும். தா ஹோங் பாவ் என்ற பெயரில் யாராவது ‘தாய்ச் செடியின் இலை’ என்று விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாறை இடுக்கில் நிற்கும் அந்த ஆறு செடிகளிலிருந்து கடைசியாக 2005-ல் பறித்தார்கள். அதிலிருந்து 20 கிராம் 2007-ல் பெய்ஜிங்கின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. அதற்குப் பிறகு பறிப்பதே இல்லை. இன்று கடையில் கிடைக்கும் தா ஹோங் பாவ் பெரும்பாலும் ரோ குய், சுய் சியன் போன்ற ரகங்களைச் சேர்த்த கலவை. கலவை என்பதால் மட்டம் என்று எண்ண வேண்டாம். கலப்பவர் கைகாரராக இருந்தால் தனி ரகத்தைவிட நிறைவாக இருக்கும். பாறைப் பள்ளங்களுக்குள் விளைந்தது, மலையோரத்தில் விளைந்தது, சமவெளியில் விளைந்தது என்று விலை ஏணிப்படியாக ஏறும் ஊர் அது. உறையில் எழுதிய பள்ளத்தின் பெயரை யாரும் சோதிக்க முடியாது. ஏழாம் வடியைச் சோதிக்கலாம்.

ஃபூஜியனின் தெற்கே ஆன்சி. தியே குவான்யின் அந்த ஊர்ச் சரக்கு. துணியில் கட்டி உருட்டி உருட்டி மணியாக்கிய இலை. நீர் பட்டதும் கிண்ணம் நிரம்ப விரியும். பச்சையாக, பூவாசத்தோடு ஒரு வகை. வாட்டிய வகை இன்னொன்று. பச்சை வகைதான் சந்தையைப் பிடித்திருக்கிறது. மணம் ஆளைத் தூக்கும், நான்காம் வடியில் பல சமயம் காலியாகிவிடும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும். நான் வாட்டிய கட்சி. வசந்த காலத்து இலைக்கு நீரில் கனம் உண்டு, இலையுதிர் காலத்து இலைக்கு மணம் அதிகம் என்பது ஆன்சியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. எது வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

குவாங்தோங் மாகாணத்தின் சாவ்ஜோ அருகே ஃபீனிக்ஸ் மலை. அங்கே தான்சோங் என்னும் ஊலாங்கை மரத்துக்கு மரம் தனியாகப் பறித்துத் தனியாகப் பக்குவம் செய்யும் மரபு இருந்தது. மணத்தை வைத்தே மரத்துக்குப் பெயர். தேன் கலந்த ஆர்க்கிட் வாசமுள்ள மீ லான் சியாங் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. யா ஷி சியாங் என்பதன் பொருள் வாத்து எச்ச மணம். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், அது பூமணம்தான். யாரும் திருடக்கூடாதென்று தோட்டக்காரர் சூட்டிய பெயர் என்று கதை சொல்வார்கள். தான்சோங் பொறுமை இல்லாத தேநீர். ஐந்து நொடி கூடினாலே கசந்துவிடும், ஆகவே ஊற்றியதும் வடியுங்கள். சின்னஞ்சிறு கோப்பைகளில் திரும்பத் திரும்ப வடித்துக் குடிக்கும் கோங்ஃபூ முறைக்குப் பேர்போன ஊரும் சாவ்ஜோதான்.

பு-அர்

பு-அரில் இரண்டு சாதி. ஷெங் என்பது பச்சை: இலையைக் கடாயில் லேசாக வதக்கி, வெயிலில் காயவைத்து, அப்படியே வட்டாக அழுத்தியது. வதக்கலும் வெயிலும் மென்மையாக இருப்பதால் இலைக்குள் உயிர் மிச்சமிருக்கும். ஆண்டுகள் போகப் போகக் கசப்பு தணிந்து, சாயம் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு மாறும். காத்திருக்க முடியாதவர்களுக்காக வந்தது ஷோ. 1973-ல் குன்மிங் தேயிலை ஆலையில் உருவான ‘வோ துய்’ முறையில், இலையைக் குவித்து நீர் தெளித்து மூடி, உள்ளே சூடேற ஏற வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டி நொதிக்க வைப்பார்கள். சில மாதத்திலேயே கறுத்த, வழவழப்பான தேநீர் தயார். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. இளம் ஷெங்கில் கசப்புக்கு மன்னிப்பு உண்டு. ஷோவில் கசப்பு இருந்தால் ஏதோ சரியில்லை.

சாதாரண வட்டு 357 கிராம். ஏழு வட்டை மூங்கில் மடலில் கட்டினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. சுமையாகக் கட்டி ஏற்றிச் சென்ற காலத்துக் கணக்கு இன்றும் தொடர்கிறது. உறையில் 7542 போன்ற எண்ணைக் காணலாம். முதல் இரண்டு இலக்கம் அந்தக் கலவை உருவான ஆண்டு, அதாவது 1975. மூன்றாவது, இலையின் தரப்படி. கடைசி, ஆலை: 1 குன்மிங், 2 மெங்ஹாய், 3 சியாகுவான். 75 என்பதை விளைந்த ஆண்டாக எடுத்துக்கொண்டு ‘ஐம்பது வருடத்துச் சரக்கு’ என்று மயங்குபவர்கள் இருக்கிறார்கள், மயக்குபவர்களும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு அழுத்திய வட்டிலும் அதே 7542 இருக்கும்.

வட்டை உடைக்கக் கத்தி வேண்டாம். நீண்ட ஊசி போன்ற கருவியை ஓரத்தில் படுக்கை வாட்டமாகச் செருகி, மெல்ல நெம்பி, அடுக்கடுக்காகக் கிளப்புங்கள். கையை ஊசி போகும் திசையில் வைக்காதீர்கள். சுக்குநூறாக்கினால் நொறுங்கிய இலை முதல் வடியிலேயே கசப்பைக் கொட்டிவிடும். வட்டின் முகப்பில் அழகான மொட்டு இலைகளைப் பரப்புவது பழைய வித்தை. சுவை பார்க்க எடுக்கும் துண்டு நடுவையும் முகப்பையும் சேர்த்து இருக்கட்டும்.

ஷோவை முகரும்போது மழை பெய்த மண், நனைந்த மரம், பழைய புத்தக அலமாரி எல்லாம் ஏற்கத்தக்கவை. மீன் வாடை வந்தால் குவியலின் நெடி இன்னும் போகவில்லை. இரண்டொரு ஆண்டு காற்றாட வைத்தால் பெரும்பாலும் போகும். புளித்த வாடையும் தொண்டையைப் பிடிக்கும் பூசண வாடையும் போகாது. இரண்டு முறை கொதிநீரில் அலசி, மூன்றாவதைக் குடியுங்கள். நல்ல ஷோவின் சாயம் கருஞ்சிவப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் தெளிவாக இருக்கும். கலங்கலாக மைபோல் நிற்பது நல்ல அறிகுறி இல்லை. ஷோவில் ஹுய் கான் குறைவாகவே இருக்கும். அதற்குப் பதில் கஞ்சி போன்ற கனத்தையும், விழுங்கிய பின் தொண்டை கமறாமல் இருப்பதையும் பாருங்கள்.

ஷெங்கில் ஊர்ப்பெயருக்கு விலை. பூலாங் மலையின் லாவ் பான்ஜாங் கசப்போடு மோதி இனிப்பாகத் திரும்பும், யீவூ மென்மையும் தேனும், ஜிங்மாய்க்குப் பூவாசம். பூலாங், தாய் முதலிய பழங்குடியினர் காட்டு நிழலில் காத்துவரும் ஜிங்மாய் மலையின் பழந்தேயிலைக் காடுகள் 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. முதுமரத்து இலைக்கு மதிப்பு கூடியதும் முதுமரங்களும் உறைகளில் பெருகிவிட்டன. லாவ் பான்ஜாங் ஒரு கிராமம். அந்தப் பெயரில் விற்கும் வட்டுகள் அத்தனைக்கும் அங்கே மரமில்லை. 2007-ல் பு-அர் விலை ஊதிப் பெருத்து வெடித்தபோது, குடிப்பதற்கென்று இல்லாமல் ஏற்றி விற்பதற்கென்று வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

வயதான ஷெங்கைச் சுவைக்கும்போது எந்த ஊரில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். வறண்ட குன்மிங்கில் கிடந்த வட்டு மெல்ல முதிரும், மணம் உயரமாக நிற்கும், துவர்ப்பு கொஞ்சம் தங்கும். ஈரமான ஹாங்காங்கில் கிடந்தது சீக்கிரம் கறுக்கும், கிடங்கு வாடை ஏறும். மலேசியாவில் வைத்த சரக்கு இரண்டுக்கும் நடுவில் என்று சேகரிப்போர் மத்தியில் தனி மரியாதை. வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுக்கச் சீராக இருப்பது காரணம். கிள்ளானில் பாக் குத் தே சாப்பிடப் போகும் தமிழர்கள் மேசைமேல் வந்து நிற்கும் சின்னக் கூஜாத் தேநீரை அடுத்த முறை கொஞ்சம் கவனித்துக் குடிக்கலாம்.

குற்றம் கண்டுபிடிக்கக் குடிப்பது

சாவகாசமாகக் குடிக்கும் முறையில் நம் கைத்திறன் இலையின் குறையை மறைத்துவிடும். வாங்குமுன் எதிர்மாறாகச் செய்ய வேண்டும். சீனத் தேயிலைப் பரிசோதகர்கள் ஊலாங்குக்கு வைத்திருக்கும் முறை இது: 110 மில்லி கைவானில் 5 கிராம், கொதிநீர், முதல் வடிக்கு 2 நிமிடம், இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 5. குடிக்க இன்பமாக இருக்காது. இருக்கவும் வேண்டாம். நீண்ட நேரம் ஊறியதில் பச்சை வாடை, கருகல், புளிப்பு, போட்ட வாசனைச் சாறு எல்லாம் மேலே வந்து நிற்கும். தெளித்த வாசனை முதல் வடியில் கூவிவிட்டு மூன்றாம் வடியில் மாயமாகும்; இலையின் சொந்த மணம் இளைத்தாலும் திசை மாறாது. ‘பால் ஊலாங்’ என்று பாலாடை மணம் வீசும் சரக்குகளை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். தைவானின் ஜின் சுவான் ரகத்துக்கு இயல்பாகவே லேசான பால் வாசம் உண்டு. கடைத்தெருவில் தூக்கலாக அடிப்பது பெரும்பாலும் சேர்த்தது.

இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் வடித்தால் ஒரு மாதத்துப் பாடம் ஒரு மாலையில் வந்துவிடும். இளம் ஷெங்குக்கும் இதே 5 கிராம் கணக்கு உதவும், ஆனால் தைரியம் வேண்டும்.

வாங்குவதும் வைப்பதும்

முழு வட்டு வாங்காதீர்கள். 25 கிராம் மாதிரி கேளுங்கள். தராதவரிடம் வாங்க வேண்டியதில்லை. அதை வேறு வேறு நாட்களில், குறைந்தது ஒரு முறை கடும் சோதனையாகவும் ஒரு முறை ஆற அமரவும் குடியுங்கள். ஜலதோஷம் பிடித்த நாளிலும், பூண்டு ஊறுகாயோடு சாப்பிட்டு எழுந்த கையோடும் வேண்டாம். குறிப்பேட்டில் மணங்களின் பட்டியலைக் காட்டிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: துவர்ப்பு எவ்வளவு நேரத்தில் கரைந்தது, இனிப்பு திரும்பியதா, எந்த வடியில் தேநீர் காலியானது. மணத்தை எழுதும்போது தெரியாத ஆர்க்கிட்டையும் பீச்சையும் கடன் வாங்க வேண்டாம். தாழம்பூ, ஏலம், வறுத்த அரிசி, வெல்லப்பாகு என்று உங்கள் மூக்கு அறிந்ததையே எழுதினால் அடுத்த ஆண்டு படித்தாலும் விளங்கும்.

பச்சைத் தியே குவான்யினைக் காற்றுப் புகாத உறையோடு குளிர்ப்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். வாட்டிய ஊலாங்குக்கு இறுக்கமான தகர டப்பா போதும். பு-அருக்கு லேசாகக் காற்று வேண்டும்; தாள் உறையோடு அட்டைப்பெட்டியில், இருட்டில் வையுங்கள். ஷெங்கையும் ஷோவையும் ஒரே பெட்டியில் போட வேண்டாம். சமையலறைப் பக்கமே கூடாது. பெருங்காயத்துக்கும் சாம்பார் பொடிக்கும் பக்கத்தில் ஒரு மாதம் கிடந்த வட்டில் யூனானைத் தேட முடியாது. பூஜை அலமாரியும் வேண்டாம். ஊதுபத்தியும் கற்பூரமும் இன்னும் மோசம். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் பு-அர் முதிர ஏற்றதுதான், மழைக்காலத்தில் மட்டும் அது எல்லை மீறும். அந்த வாரங்களில் பெட்டியைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் தள்ளி உயரத்தில் வைத்து, அடிக்கடி எடுத்து முகர்ந்து பாருங்கள். பஞ்சுபோலப் பூசணம் கண்டால் தட்டிவிட்டுக் குடிக்க நினைக்காமல் அந்த வட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவற்றை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.